அத்தி பூப்பதை யாராவது பார்த்திருக்கீங்களா?

நொய்யல்கரை

எங்க தோட்டத்தில் கிணத்து மேட்டுல ஒரு நாட்டு அத்தி நிக்குதுங்க. அப்பாரு சின்னப் பையனா இருந்தப்பவே பெரிய மரமாம். கிளையில் மட்டுமில்லாம அடிமரத்துலயே கொத்துக் கொத்தாக் காய் பிடிக்கும். பிஞ்சுக் காயில் அம்மா கூட்டு வைப்பாங்க. பழுத்தா பகல்ல அணில், குயில், குக்குறுவான். ராத்திரி வௌவால்.

போன வாரம் என் மகள் ஒரு கேள்வி கேட்டா. ஆறாவது படிக்கிறா. "முருங்கை பூக்குது, அப்புறம் காய்க்குது. மா பூக்குது, அப்புறம் காய்க்குது. இது மட்டும் ஏன்ப்பா பூக்காமயே காய்க்குது?" எனக்குத் தெரியல. எங்கம்மா, "அத்தி நடுச்சாமத்துல பூத்து, விடியறதுக்குள்ள உதுந்துரும். பார்த்தவங்களுக்கு யோகம்"னு சொன்னாங்க. மகள் விடல. ரெண்டு ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டுக் கிணத்து மேட்டுல உக்காந்திருந்தோம். ஒண்ணும் பூக்கல.

இன்னொரு சங்கதியும் இருக்கு. அந்தக் கிணறு எங்களுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் பொது. பழம் தண்ணியில விழுந்து அழுகுது, பிட்டா உள்ள முழுக்கப் பூச்சி, மரத்தை எடுத்துரலாம்னு பெரியப்பா சொல்றார். ஆடி கழிஞ்சதும் ஆள் கூப்பிடறதாப் பேச்சு. அதுக்குள்ள இந்த மரத்தைப் பத்தி ஒழுங்காத் தெரிஞ்சுக்கணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

யாப்பு

உங்கள் மகள் கேட்டது தமிழில் பழைய கேள்வி. பூவாமல் காய்க்கும் மரங்களுக்கென்றே 'கோளி' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். ஆல், அரசு, அத்தி, பலா எல்லாம் அதில் அடங்கும். "பூவாதே காய்க்கும் மரமும் உள" என்று ஔவை நல்வழியில் சொல்வார். யாரும் ஏவாமலே உணர்ந்து செய்கிறவர்களுக்கு அந்த மரத்தை உவமை காட்டுகிறார். எப்போதாவது எட்டிப் பார்க்கும் உறவினரை 'அத்தி பூத்தாற்போல' வந்தார் என்கிறோம்.

இது தமிழோடு நிற்கவில்லை. உதும்பரம் என்றால் அத்தி. பௌத்த மரபில் உதும்பர மலர் மிக மிக அரிதான ஒன்றுக்கு அடையாளம். சீனத்தில் சீமை அத்திக்குப் பெயரே 'பூவில்லாப் பழம்' என்ற பொருளில்தான் இருக்கிறது. இத்தனை பேர் தேடியும் கண்ணில் படாத பூ எங்கே போயிற்று என்பதைத் தாவரம் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பூச்சிப்பார்வை

நொய்யல்கரை அண்ணா, உங்கள் வீட்டில் கூட்டு வைத்துச் சாப்பிடுவதுதான் பூ!

வெளியிலிருந்து காயாகத் தெரிவது ஒரு பை. பூக்கள் அந்தப் பையின் உள்சுவரில், உள்பக்கம் பார்த்தபடி, ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பூங்கொத்தைத் திருப்பி உள்ளே மடித்துத் தைத்துவிட்ட மாதிரி. ராத்திரி முழுக்க நீங்கள் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைக்கு எட்டும் தூரத்தில் லட்சக்கணக்கில் பூ இருந்திருக்கும்.

நான் எழுதுவதைவிடப் பாப்பா நேரில் பார்ப்பது நல்லது. நான்கு காய் பறியுங்கள்: கோலிக்குண்டு அளவில் ஒன்று, முழுசாக வளர்ந்தும் பச்சையாக இருப்பது ஒன்று, நிறம் திரும்பப் போவது ஒன்று, நன்றாகச் சிவந்தது ஒன்று. பால் வடியும், துணியில் பட்டால் கறை போகாது, பழைய பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள். காம்புக்கு எதிர்ப்பக்கம் தொப்புள் மாதிரி ஒரு குழி இருக்கும். வெட்டு அதன் நடுவே போகிற மாதிரி நெடுக்காகப் பிளேடு வையுங்கள். பூதக்கண்ணாடி இல்லையென்றால் போன் கேமராவைப் பெரிதாக்கினாலே போதும். பார்த்ததை எழுதுங்கள், பேசுவோம்.

பண்ருட்டிக்காரி

யாப்பு ஐயா, அந்தப் பட்டியலில் பலாவும் இருப்பதைப் பார்த்துச் சிலிர்த்துவிட்டது. நாங்கள் மூன்று தலைமுறையாகப் பலா வைத்திருக்கிறவர்கள். அத்தியும் பலாவும் தாவரவியலில் ஒரே குடும்பம், மல்பெரிக் குடும்பம். இலையைக் கிள்ளினால் பால் வருவதைப் பார்த்தோ என்னவோ, நம்மவர்கள் எப்போதோ ஒரு வகுப்பில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

பலாப்பழமும் ஒற்றைப் பூவிலிருந்து வருவதில்லை. ஒரு தண்டைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஏராளமான பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்ததுதான் முழுப் பழம். மேலே குத்துகிற ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. கருத்தரித்த பூ ஒவ்வொன்றும் ஒரு சுளை. கருத்தரிக்காமல் போன பூக்கள்தான் சுளைக்கு நடுவே நாடா நாடாக வரும் சடை. அறுக்கிறபோது சடை அதிகமாக இருந்தால் "இந்த வருசம் சுளை கட்டலை" என்று என் மாமனார் சொல்வார். அதாவது பல பூக்களுக்கு மகரந்தம் சேரவில்லை. இதை நான் புரிந்துகொண்டது நாற்பது வயதுக்கு மேல்தான்.

ஆக, பலா பூக்களை வெளிப்பக்கம் வைத்திருக்கிறது. அத்தி அதையே உள்பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறது.

நொய்யல்கரை

வெட்டிப் பார்த்தோம். நான், மகள், பக்கத்தில் அம்மா.

கோலிக்குண்டுக் காய்: உள்ள நடுவுல வெற்றிடம். சுவர் முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாச் சின்னச் சின்ன நூல் மாதிரி நிக்குது. மகள் போன்ல பெரிசாக்கிப் பார்த்துட்டு, "அப்பா, இதெல்லாம் சூலகம், எங்க புக்ல இருக்கு"ன்னா. அந்தக் காயோட நடுவுல ஒரு செத்த பூச்சி இருந்துச்சு, கறுப்பா, எள்ளைவிடச் சின்னதா. ரெக்கை இல்லை.

வளர்ந்த பச்சைக்காய்: உள்ள நிறைய மணி. சிலது விதை மாதிரி கெட்டி, சிலது ஊதின பை மாதிரி. பையை ஊசியால் கிழிச்சா உள்ள வெள்ளையா ஒரு புழு.

நிறம் திரும்பற காய்தாங்க ஆச்சரியம். வெட்டின உடனே உள்ளேருந்து கறுப்பா ரெக்கையோட பூச்சி ஊர்ந்து வந்து பறக்க ஆரம்பிச்சுது. கூடவே ரெக்கையில்லாம, வெளிறிப்போய், வளைஞ்ச உடம்போட வேற பூச்சி. அது பறக்கல, அங்கேயே சுத்திச் சுத்தி ஊர்ந்துச்சு.

சிவந்தது: பக்கவாட்டுல ஏற்கனவே ஓட்டை. உள்ள அந்த வெளிறின பூச்சி செத்துக் கிடந்துச்சு, எறும்பு வேற. அம்மா, "அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தா அத்தனையும் புழுன்னு சும்மாவா சொன்னாங்க"ன்னாங்க.

பூச்சிப்பார்வை, இது நோயா? மருந்தடிக்கணுமா?

பூச்சிப்பார்வை

மருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள் அண்ணா. அந்தப் பூச்சி இல்லாவிட்டால் உங்கள் அத்தியில் ஒரு விதைகூட உருவாகாது. பாப்பா நான்கு காயில் ஒரு முழு வாழ்க்கையைப் பார்த்துவிட்டாள், வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

கோலிக்குண்டுக் காயில் செத்துக் கிடந்தது ஒரு தாய்க் குளவி. நீளம் சுமார் 2 மில்லிமீட்டர். நாட்டு அத்திக்கென்று இருக்கும் இனம், அறிவியல் பெயர் செரட்டோசோலன் ஃபுசிசெப்ஸ். உள்ளே பெண்பூக்கள் தயாரானதும் காய் ஒரு தனி மணத்தை வெளியே விடும். நம் மூக்குக்கு எட்டாவிட்டாலும் குளவிக்கு எட்டும். பறந்து வந்து அந்தத் தொப்புள் குழியைத் தேடும். அதுதான் வாசல். செதில் செதிலாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து இறுக்கமாக மூடிய வாசல். தலையைக் கொடுத்து முட்டி முட்டி நுழையும்போது இறக்கை பிய்ந்துவிடும், உணர்கொம்பும் பெரும்பாலும் ஒடிந்துவிடும். பாப்பா பார்த்த குளவிக்கு இறக்கை இல்லாமல் போனது அதனால்தான். அது திரும்பிப் போவதற்காக உள்ளே வருவதில்லை.

மகரந்தத்தை அது தற்செயலாக உடம்பில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதன் மார்பில் மகரந்தம் வைக்கவென்றே இரண்டு பைகள் உண்டு. பிறந்த காயிலிருந்து கிளம்பும்போது ஆண்பூக்களைத் தேடிப்போய்ப் பையை நிரப்பிக்கொள்ளும். புதுக்காய்க்குள் வந்ததும் முன்னங்காலால் பையிலிருந்து எடுத்துப் பெண்பூக்களின் சூல்முடியில் தடவிவிடும். நாம் நெல் வயலில் நாற்று நடுவதைப் போல அது தெரிந்தே செய்கிற வேலை. முட்டையும் சில பூக்களுக்குள் இடும். முட்டை விழுந்த பூ ஊதிப் பையாகி, அதற்குள் ஒரு புழு வளரும். முட்டை விழாமல் மகரந்தம் மட்டும் பெற்ற பூ விதையாகும். நீங்கள் இரண்டாவது காயில் பார்த்த கெட்டி மணியும் ஊதின பையும் இவைதான்.

சில வாரம் கழித்து முதலில் வெளிவருவது ஆண் குளவி. நீங்கள் சொன்ன வெளிறின, வளைந்த பூச்சி அதுதான். இறக்கை கிடையாது, கண்ணும் பெயருக்குத்தான். இருட்டில் தடவித் தடவி, பெண் இன்னும் பைக்குள் இருக்கும்போதே ஓட்டை போட்டு இணைசேரும். பிறகு ஆண்கள் கூட்டாகச் சேர்ந்து பழச் சுவரைக் கடித்துச் சுரங்கம் தோண்டும். அந்தப் பக்கவாட்டு ஓட்டை அவர்கள் வேலை. பெண் குளவிகள் மகரந்தத்தை நிரப்பிக்கொண்டு அந்த வழியாகப் பறந்துவிடும். தோண்டியவர்கள் உள்ளேயே சாவார்கள், அல்லது வெளியே விழுந்து எறும்புக்கு இரையாவார்கள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் பழம் சிவக்கும், இனிக்கும், பறவையை அழைக்கும். பழமொழி சொல்லும் புழு பெரும்பாலும் தன் வேலையை முடித்துவிட்டுச் செத்த ஆண் குளவிகளும், பழுத்த பிறகு வந்து சேரும் மற்ற பூச்சிகளும்.

மலைக்கோட்டை சுபா

எனக்கு ஒரு கவலை, தயவுசெய்து யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் சுத்த சைவம். இரும்புச்சத்துக்காக டாக்டர் சொல்லி தினமும் ராத்திரி இரண்டு உலர் அத்தி ஊறவைத்துக் காலையில் சாப்பிடுகிறேன். இத்தனை வருஷம் குளவியையா சாப்பிட்டேன்?

உலர்பழக்காரர்

சுபா அக்கா, நான் மொத்த வியாபாரத்தில் இருக்கிறவன். இந்தக் கேள்வி கடையில் அடிக்கடி வரும், அதனால் ஆழமாகவே தெரிந்துகொண்டேன்.

நீங்கள் சாப்பிடுவது நொய்யல்கரை வீட்டு நாட்டு அத்தி அல்ல, சீமை அத்தி. அதில் இரண்டு வகை. ஒன்றுக்கு மகரந்தமே தேவையில்லை, குளவி வராமலே பழுக்கும். புணே பக்கம் புரந்தரில் விளைவது, நம் ஊர்த் தோட்டங்களில் வைக்கும் கன்றுகள், பெரும்பாலும் இந்த வகை. அதில் குளவிக்கு வேலையே இல்லை.

இன்னொன்று ஸ்மிர்னா வகை. துருக்கியிலிருந்து வரும் பெரிய, தங்க நிற உலர் அத்தி. அதற்குக் குளவி கட்டாயம். அங்கே ஜூன் மாதத்தில் ஆண் மரத்துக் காய்களை நூலில் கோத்துப் பெண் மரங்களில் தொங்கவிடுவார்கள். குளவி அதிலிருந்து கிளம்பிப் பெண் காய்க்குள் நுழையும். ஆனால் பெண் காயில் பூவின் தண்டு நீளம், குளவியால் முட்டை வைக்க முடியாது. மகரந்தத்தைக் கொடுத்துவிட்டு உள்ளேயே இறந்துவிடும். அத்திப் பாலில் ஃபிசின் என்ற நொதி இருக்கிறது, அது புரதத்தைக் கரைக்கும். பழம் ஆகிற நேரத்தில் குளவியின் உடம்பில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. பல்லில் நறநறவென்று கடிபடுவது விதைதான், பூச்சி இல்லை. இதைக் கேட்ட பிறகு சாப்பிடுவதும் விடுவதும் உங்கள் மனசு. வகை பார்த்து வாங்க விரும்பினால் கடைக்காரரிடம் எந்த நாட்டுச் சரக்கு என்று தைரியமாகக் கேளுங்கள்.

அமெரிக்காவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1880களில் கலிபோர்னியாவில் இந்த ஸ்மிர்னா குச்சிகளை ஆயிரக்கணக்கில் வரவழைத்து நட்டார்கள். மரம் செழிப்பாக வளர்ந்தது. காய் பிடித்து, பிடித்து, பழுக்காமலே உதிர்ந்தது. துருக்கி விவசாயிகள் ஆண் காயைக் கட்டித் தொங்கவிடுவது மூடப் பழக்கம் என்று அங்கே பலர் நினைத்தார்கள். பிறகு கையால் மகரந்தம் ஏற்றிப் பார்த்தபோது காய் உதிராமல் நின்றது. ஃபிரெஸ்னோவில் ஜார்ஜ் ரோடிங் என்ற தோட்டக்காரரும் அமெரிக்க வேளாண் துறையும் முயன்று 1899இல்தான் குளவியை அங்கே நிலைநிறுத்தினார்கள். காய் கட்டித் தொங்கவிடுவதை அரிஸ்டாட்டில் காலத்திலேயே கிரேக்கர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏட்டில் இருந்ததை, விவசாயி கையில் இருந்ததை, நம்ப இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

யாப்பு

சுபா அவர்களின் கவலைக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. சமண மரபில் அத்தி, ஆல், அரசு உள்ளிட்ட ஐவகை உதும்பரக் கனிகளை உண்ணக்கூடாது என்று விலக்கி வைத்திருக்கிறார்கள். காரணம், அவற்றுக்குள் உயிர்கள் வாழ்கின்றன என்பது. நுண்ணோக்கி இல்லாத காலத்தில், கொல்லாமையின் கண் கொண்டு பார்த்தவர்கள் கண்டுபிடித்தது. ஐந்தும் ஒரே வகை மரங்கள் என்பதைக் கவனியுங்கள்.

மலைக்கோட்டை சுபா

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இனி வகை பார்த்துப் புணே பழம் வாங்குவது என்று முடிவு. மனசு லேசானது.

வன்னிவெயில்

எங்கட வளவிலை பனையைச் சுத்தி ஒரு ஆல் வளந்து நிக்குது. பறவை எச்சத்திலை விழுந்த விதை எண்டு அப்பு சொல்லுவார். ஆலுக்கும் அரசுக்கும் இதே குளவிதான் வாறதோ? இல்லாட்டி வேறையோ?

பூச்சிப்பார்வை

வேறுதான் வன்னிவெயில். உலகத்தில் அத்தி வகை மரங்கள் 750க்கும் மேல். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு குளவி இனம் இருக்கிறது, சிலவற்றுக்கு ஒன்றுக்கு மேல். ஆலுக்கு யூப்ரிஸ்டினா மசோனி. அரசுக்கு வேறொன்று. உங்கள் ஆலும் பக்கத்து அரசும் ஒரே காற்றில் மணம் விட்டாலும் அதனதன் குளவி அதனதன் மரத்துக்குப் போய்ச் சேரும்.

அரசைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. 1973இல் இஸ்ரேலைச் சேர்ந்த காலில் என்பவரும் உடன் பணிபுரிந்தவர்களும் வெளியிட்டது. அரசங்காய் மூடியிருக்கும்போது உள்ளே கரியமில வாயு மிக அதிகமாகச் சேர்ந்துவிடுகிறது. அந்தப் புழுக்கத்தில் பெண் குளவிகள் மயங்கினாற்போல அசையாமல் கிடக்கும். ஆண்கள் மட்டும் அதே காற்றில் சுறுசுறுப்பாக இயங்கும். அவை சுவரில் ஓட்டை போட்ட கணத்தில் வெளிக்காற்று உள்ளே வரும், கரியமில வாயு குறையும். உடனே பெண்கள் விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். யாரும் மணி அடிக்காமலே இரண்டு தரப்புக்கும் முறை பிரித்துக் கொடுத்திருக்கிறது ஒரு சுண்டைக்காய் அளவுப் பழம்.

கணக்குவாத்தி

கேட்கக் கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒரு இடத்தில் இடிக்கிறது. மகரந்தம் சேர்ப்பது குளவிக்கு வேலை. நேரமும் சக்தியும் செலவு. ஒரு குளவி அதைச் செய்யாமல் முட்டையை மட்டும் இட்டுவிட்டால் அதற்கு லாபம்தானே? அப்படிப்பட்டவையே பெருகி, காலப்போக்கில் இந்த ஏற்பாடு உடைந்திருக்க வேண்டுமே. எத்தனை காலமாக நடக்கிறது இது?

பூச்சிப்பார்வை

சார், இந்தத் துறையின் நடுக்கேள்வியையே கேட்டுவிட்டீர்கள்.

எத்தனை காலம் என்றால், மரபணு ஒப்பீட்டின்படி சுமார் 7.5 கோடி ஆண்டு. டைனோசர் இருந்த காலம். இங்கிலாந்தின் வைட் தீவில் கிடைத்த ஒரு புதைபடிவம் 3.4 கோடி ஆண்டு பழமையானது. 1920களில் அதை எறும்பு என்று எழுதி வைத்துவிட்டார்கள். 2010இல் திரும்ப ஆராய்ந்தபோது அது அத்திக் குளவி என்று தெரிந்தது. மகரந்தப் பைகூட இன்றைய குளவிக்கு இருப்பதைப் போலவே இருந்தது.

ஏன் உடையவில்லை என்பதற்கு மரமும் ஒரு பதில் வைத்திருக்கிறது. பனாமாவில் ஜேண்டர், ஹெர்ரே என்ற இருவர் செய்த ஆய்வு 2010இல் வந்தது. மகரந்தம் இல்லாத குளவிகளை வேண்டுமென்றே காய்க்குள் விட்டுப் பார்த்தார்கள். குளவி தெரிந்தே மகரந்தம் சேர்க்கும் வகை மரங்களில், அப்படிப்பட்ட காய்களை மரம் பல சமயம் உதிர்த்துவிட்டது. உதிராமல் நின்றவற்றிலும் குஞ்சுகள் குறைவாகவே பிழைத்தன. உழைக்காத குளவியின் வம்சத்துக்கு மரம் சோறு போடுவதில்லை. குளவியின் உடம்பில் மகரந்தம் தானாக ஒட்டிக்கொண்டு போகும் வகை மரங்களில் இந்தக் கண்டிப்பு காணப்படவில்லை. அங்கே ஏமாற்ற வாய்ப்பே இல்லையே.

ஆனால் வேறு திருடர்கள் உண்டு. நாட்டு அத்தியைப் பற்றிப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ரெனி போர்ஜஸ் குழுவினர் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். காய்க்குள் நுழையாமல் வெளியே உட்கார்ந்தபடியே, உடம்பைவிட நீளமான ஊசியைச் சுவருக்குள் செலுத்தி முட்டை வைக்கும் குளவிகள் இந்த ஒரு மரத்திலேயே அரை டஜன் இனம். அதில் ஒன்றின் ஊசிமுனையில் துத்தநாகம் சேர்ந்திருப்பதை அதே கழகத்தில் நம்ரதா குண்டையா 2014இல் கண்டறிந்தார். தச்சர் துளைப்பானின் முனையை மட்டும் கெட்டி உலோகத்தில் செய்வதைப் போல. தலைமயிரைவிட மெல்லிய ஊசி கெட்டிக் காயைத் துளைப்பது அப்படித்தான்.

இந்தத் திருடர்களுக்குக் காவல் முசிறு எறும்பு. காயின் மேல் ரோந்து சுற்றும்போது வெளியே உட்கார்ந்திருக்கும் ஊசிக் குளவியைப் பிடித்துக்கொள்ளும். பாப்பா பார்த்த எறும்பை விரட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. தாய்க் குளவியின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள் பயணம் செய்கின்றன. அவற்றுக்கும் ஒரு காயிலிருந்து இன்னொரு காய்க்குப் போக வேறு வண்டி கிடையாது. ஏற்கனவே கூட்டம் ஏறியிருக்கும் குளவியை அவை தவிர்ப்பதாக போர்ஜஸ் குழு கண்டது. ஆள் அதிகமானால் வண்டி வழியிலேயே விழுந்துவிடும், எல்லாரும் சாக வேண்டியதுதான்.

கணக்குவாத்தி

ஏற்றுக்கொள்கிறேன். காயை உதிர்ப்பது பற்றிச் சொன்னது எனக்குப் பெரிய திறப்பு. திங்கள்கிழமை வகுப்பில் சொல்லப் போகிறேன்.

யாப்பு

இடையில் ஒன்று. கொரியாவிலும் சீனாவிலும் புத்தர் சிலைமேல் உதும்பர மலர் பூத்துவிட்டது என்று மக்கள் திரண்ட செய்திகள் வந்ததுண்டு. மயிரிழை போன்ற காம்பு, நுனியில் வெண்மணி. பூச்சியியலாளர்கள் அவற்றைக் கண்ணாடியிறகுப் பூச்சியின் முட்டைகள் என்றார்கள். அத்திப் பூவைத் தேடினால் எங்கே போனாலும் ஒரு பூச்சியில்தான் போய் முடிகிறது.

நொய்யல்கரை

இதெல்லாம் வீட்டுல சத்தமா வாசிச்சேனுங்க. பெரியப்பாவும் இருந்தார். எல்லாம் கேட்டுட்டு அவர் ஒண்ணு கேட்டார்: "சரி, ஊர்ல வேற அத்தி இருக்குமில்ல? இந்த ஒரு மரம் போனா குளவி அங்க போயிக்கும்." அவர் மரத்து மேல கோபக்காரர் இல்லை. எங்க பெரியம்மா 2019ல காஞ்சிபுரத்துல அத்தி வரதரைப் பார்க்க நாள் முழுக்க வரிசையில நின்னவங்க, அவங்களும் மரம் வேணும்ங்கறாங்க. ஆனா கிணத்துத் தண்ணி கெடுதுங்கறதும் நிஜம். என்ன பதில் சொல்றது?

பூச்சிப்பார்வை

பெரியப்பா கேட்டது நியாயமான கேள்வி. பதிலும் முக்கியமானது.

ஒரு மரத்தில் காய்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முதிரும். அந்த மரத்திலிருந்து குளவி கிளம்பும் நாளில் அதே மரத்தில் பூ தயாராக இருக்கும் பிஞ்சு பெரும்பாலும் இருக்காது. வெளியே வந்த குளவிக்கு ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. சோறு தண்ணீர் இல்லை. அதற்குள் வேறொரு அத்தி மரம், அதுவும் சரியாக அந்த வாரம் பூத்திருக்கும் மரம், அதற்குக் கிடைத்தாக வேண்டும். அதனால்தான் அத்தி மரங்கள் ஆளுக்கொரு நேரத்தில் காய்க்கின்றன. மா மாதிரி எல்லாம் ஒரே பருவத்தில் காய்த்தால் குளவி இனம் ஒரே வருஷத்தில் அழிந்துபோகும்.

குளவி தூரம் போகும், அது உண்மை. நமீபியாவில் நமீப் பாலைவன ஆற்றோரத்தில் நிற்கும் அத்தி மரங்களில், இவ்வளவு சின்னக் குளவிகள் காற்றோடு 160 கிலோமீட்டர் வரை மகரந்தம் கொண்டுபோனதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் கிளம்புகிற குளவிகளில் மிகச் சிலதான் போய்ச் சேர்கின்றன. வழியில் மரங்கள் குறையக் குறைய, சரியான நாளில் பூத்திருக்கும் மரம் கிடைக்கும் வாய்ப்பும் குறையும். உங்கள் கிணத்து மேட்டு மரம் எத்தனையோ மரங்களுக்கு நடுவில் ஒரு தங்கல்.

பறவைக்கும் இதேதான். ஆளுக்கொரு நேரத்தில் காய்ப்பதால் வேறு எந்தப் பழமும் இல்லாத மாதத்திலும் எங்கோ ஓர் அத்தி பழுத்திருக்கும். பஞ்ச மாதத்தில் குக்குறுவானும் பச்சைப்புறாவும் மலைக்காட்டில் இருவாச்சியும் பிழைத்துக் கிடப்பது அத்தி வகைப் பழங்களை நம்பித்தான்.

கிணற்றுக்கு வழி இருக்கிறது. தண்ணீருக்கு நேர்மேலே நீண்டிருக்கும் கிளைகளை மட்டும் கழியுங்கள், அடிமரத்தில் கை வைக்காதீர்கள். கிணற்றுக்கு இரும்புச் சட்டம் போட்டு நெருக்கமான வலை கட்டிவிட்டால் பழமும் இலையும் வலையில் நிற்கும். மாடு இருந்தால் கூட்டிப் போடுங்கள், ஆவலாகத் தின்னும்.

பாப்பாவுக்கு ஒரு வேலை. நிறம் திரும்பப் போகும் கொத்து ஒன்றுக்கு மெல்லிய வெள்ளைத் துணிப் பை கட்டிவிடச் சொல்லுங்கள். வாயை நூலால் இறுக்கிக் கட்டணும். தினம் காலையில் பார்க்கட்டும்.

பண்ருட்டிக்காரி

அண்ணா, நாங்கள் எங்கள் கிணற்றுக்கு நைலான் வலைதான் கட்டியிருக்கிறோம். நான்கு வருஷமாகக் கிழியவில்லை. சட்டம் வெல்டிங் கடையில் சொன்னால் இரண்டே நாளில் செய்து கொடுப்பார்கள். மரத்தை விட்டுவிடுங்கள்.

நொய்யல்கரை

ஒரு வாரமா எழுத முடியல, மன்னிக்கணும். சேதி சொல்றேன்.

அம்மாவோட பழைய வேட்டித் துணியில மகள் பை தச்சாள். கொத்துல ஏழு காய். முதல் மூணு நாள் ஒண்ணுமில்லை, பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி தினம் ஓடிப்போய்ப் பார்த்துட்டு முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு வருவா. நாலாம் நாள் காலையில "அப்பா"ன்னு ஒரு கத்து. எல்லாரும் ஓடினோம், பெரியப்பாவும் கோமணத்தோட வந்துட்டார்.

பைக்குள்ள வெள்ளைத் துணி மேல மிளகுத்தூள் கொட்டின மாதிரி கறுப்பா ஊர்ந்துகிட்டிருந்துச்சு. மூணு காயில பக்கவாட்டுல ஓட்டை, ஊசியால குத்தின மாதிரி வட்டமா. ஒரு ஓட்டை வழியா இன்னும் ஒவ்வொண்ணா வெளிய வந்துகிட்டிருந்துச்சு. வந்ததும் கொஞ்ச நேரம் நின்னு காலால உடம்பைத் துடைச்சுக்குது, அப்புறம் ரெக்கையை விரிக்குது. மகள் ஒரு கையில் போனைப் புடிச்சுக்கிட்டு எண்ண ஆரம்பிச்சா, இருநூத்தி சொச்சத்துல விட்டுட்டா. இவங்க ஒரு நாள்தான் இருப்பாங்கன்னு ஞாபகம் வந்ததும் பையை அவுத்துவிடச் சொல்லி அழுதா. அவுத்துவிட்டோம். காத்து மேக்க இருந்து அடிச்சுது, அப்படியே தூக்கிக்கிட்டுப் போச்சு.

பெரியப்பா நேத்து வெல்டிங் கடைக்கு அளவு கொடுத்துட்டு வந்தார். ரெண்டு கிளை மட்டும் கழிக்கறோம்.

ஓடைக்கு அந்தாண்ட கோயில் பக்கத்துல ஒரு அத்தி இருக்குதாம், நான் இதுவரை கவனிச்சதே இல்லை. அது இப்ப பிஞ்சு விட்டிருக்கான்னு பார்க்க ஞாயித்துக்கிழமை மகளும் பெரியப்பாவும் போறாங்க. பிளேடும் பழைய பேப்பரும் எடுத்து வச்சாச்சு.